கழற்றக்கூடிய கூரை

மாட்டுத் தொழுவத்தில் மாடு இருப்பதுதான் உலக வழக்கம். வாடிப்பட்டிக்கு அருகில் என் நண்பர் வீட்டுத் தொழுவத்தில் ஒரு மோட்டார்க் கார் இருந்தது. வைக்கோலுக்கும் உடைந்த ஏணிக்கும் நடுவில் கோழிகள் அடைகாக்கும் இடமாக அது மாறியிருந்தது. முன்விளக்குகள் இரண்டு மட்டும், தூக்கம் கலைந்த ஆந்தையைப் போல என்னை விழித்துப் பார்த்தன.

"அப்பாவுடைய ஹெரால்ட். 1964 வண்டி. அவர் ஓட்டுவதை நிறுத்தி 20 வருஷமாச்சு" என்றார் நண்பர்.

அப்பா டாக்டர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிராமத்தில் பிரசவ வலி எடுத்தாலும், நடுநிசியானாலும் அந்தக் காரில்தான் போவாராம். இப்போது அவருக்கு வயது 90. "அவர் இருக்கும்போதே இதை ஒருமுறை ஓட வைத்துவிட வேண்டும்" என்று நண்பர் சொன்னபோது குரல் கொஞ்சம் தணிந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு அந்தக் குணம் ஏது? "ஓட வைப்பதென்ன, கூரையை எடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் காராகவே ஆக்கிவிடலாமே!" என்றேன்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், வாசகர்கள் என்னோடு கொஞ்சம் சீமைக்கு வர வேண்டும். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் கம்பெனியார் 1950களில் ஒரு புதிய சிறிய கார் செய்ய விரும்பினார்கள். ஆனால், கார்களுக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.ஸி. 1953ல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. வேறு வழியின்றிப் பழைய முறைப்படி தனியாக ஒரு சேஸிஸ் செய்து, உடலைத் துண்டு துண்டாகச் செய்வித்து, போல்ட் போட்டு மாட்டினார்கள். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959ல் ஹெரால்ட் பிறந்தது.

அதே சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டி ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் காரும் வரைந்தார். மாதிரி வண்டி ஒன்று செய்ததோடு கம்பெனியில் பணம் தீர்ந்தது. வண்டியைத் துணி போட்டு மூடி ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961ல் கம்பெனி லேலண்ட் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. புதிய அதிகாரிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே அது 'ஸ்பிட்ஃபயர்' என்ற பெயரோடு விற்பனைக்கு வந்து, 1980 வரையில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. மூலையில் கிடப்பதெல்லாம் குப்பையல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஹெரால்ட் 1961லேயே சென்னைக்கு வந்து, ஸ்டாண்டர்ட் கம்பெனியின் வண்டியாகத் தயாராகத் தொடங்கியது. 948 ஸி.ஸி. எஞ்சின், இரண்டே கதவுகள். அம்பாஸடர், ஃபியட், ஹெரால்ட் என்ற மூன்றில் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் ஜனங்கள் காத்திருந்த காலம் அது.

என் யோசனையை நண்பர் தெற்குவாசல் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் சொன்னார். எல்லாரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார்த் தொழிலில் மதுரைக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911ல் ஆரம்பித்த நிறுவனம், இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது மரக்கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைச் செய்து கொடுத்தது. பாய்க்குத் தொழில் கற்பித்த வாத்தியார் அந்தக் கரி வண்டிகளோடு மல்லுக்கட்டியவராம்.

பாய் பானெட்டைத் திறந்தார். ஹெரால்டுக்கு இது ஒரு விசேஷம்: மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய் பிளப்பது போல முன்னோக்கிச் சாயும். உள்ளே எலி கடித்த ஒயர்கள். தரைத் தகடு அப்பளமாக நொறுங்கியது. "போல்ட் போட்ட இடமெல்லாம் சந்து. சந்திலே தண்ணி. தண்ணி இருந்தா துரு. ஆனா அதே போல்டுதான் நம்மளைக் காப்பாத்தப் போகுது தம்பி" என்றார்.

கூரை விஷயம் கேட்டதும் சிரித்தார். "இதையும் போல்ட்லதான் மாட்டியிருக்கான். கழட்டுறது பெரிய வேலையில்லே. ஆனா நாம செய்யுற வேலை, நாளைக்கு ஒருத்தன் வந்தா பழையபடி மாத்த முடியுற மாதிரி இருக்கணும். வெட்டி ஒட்டிட்டா அவனுக்கு வழி அடைஞ்சு போகும். அவசரப்படாதீங்க. மத்ததைப் பார்ப்போம்."

இறுகிப்போன எஞ்சினுக்குள் பிளக் துவாரங்கள் வழியே எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவைத்தார். பிறகு கையால் மெல்லச் சுழற்றினார். கிடைக்காத தகடுகளைத் தாமே தட்டி உருவாக்கினார். எட்டு மாதங்கள் ஆயின. செலவுக் கணக்கை நண்பர் இன்னும் தம் மனைவியிடம் சொல்லவில்லை.

இதற்கிடையில் சட்டத்தையும் படித்துப் பார்த்தோம். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' என்று பதிவு செய்ய 2021ல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. வண்டி தன் அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கிய நிபந்தனை. என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் கௌரவம் போயிருக்கும். பாய் சட்டம் படித்தவரல்ல. அவர் சொன்னதும் சட்டம் சொன்னதும் ஒன்றாக இருந்தன.

ஒரு காலை வேளையில் டாக்டரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பளபளக்கும் பெயிண்டை அவர் பார்க்கவில்லை. கண்ணும் அவ்வளவாகத் தெரியாது. எஞ்சின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டார். பிறகு கை நீட்டிப் பின் சீட்டைத் தடவினார்.

"இதிலேயே மூணு குழந்தை பிறந்திருக்கு" என்றார். "ஆஸ்பத்திரி போறதுக்குள்ளே."

சோழவந்தான் சாலையில் மெதுவாகப் போனோம். நான் பின் சீட்டில். மனசு உறுத்தவே, கூரையை எடுக்கச் சொன்ன என் யோசனையை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

டாக்டர் திரும்பி என் பக்கம் பார்த்தார். "அதெப்படித் தம்பி? ராத்திரி மழை பெய்ஞ்சா, பிள்ளை பெறப் போறவ நனைய மாட்டாளா?" என்றார்.

வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை. ஆனாலும் நான் அண்ணாந்து அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.