2020–21 அமெரிக்கக் கல்லூரி மகளிர் கைப்பந்தாட்டப் பருவம்

2020–21 என்.சி.ஏ.ஏ. முதற்பிரிவு மகளிர் கைப்பந்தாட்டப் பருவம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி, பல்கலைக்கழக மகளிர் அணிகளுக்கிடையே கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக இரண்டு துண்டுகளாக நடைபெற்ற கைப்பந்தாட்டத் (இலங்கை வழக்கு: கரப்பந்தாட்டம்) தொடரைக் குறிக்கும். வழக்கமாக ஆகத்து மாத இறுதியில் தொடங்கி டிசம்பரில் முடியும் இப்பருவம், இம்முறை 2020 இலையுதிர்காலத்தில் சில அணிகளுடன் தொடங்கி, 2021 ஏப்ரல் 24 அன்று நிறைவுற்றது. இறுதியாட்டத்தில் கென்டக்கி பல்கலைக்கழக அணி டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 3–1 என்ற செட் கணக்கில் வென்று முதன்முறையாக வாகையர் பட்டம் பெற்றது.

வாகையர் யார் என்பதற்கு அப்பாலும் இப்பருவம் கவனத்திற்குரியது. வெவ்வேறு எண்ணிக்கையில் ஆட்டங்களை ஆடிய, ஒன்றோடொன்று பெரும்பாலும் மோதாத அணிகளை எவ்வாறு ஒரே வரிசையில் நிறுத்துவது என்ற வினா இப்பருவத்தில் நடைமுறைச் சிக்கலாகவே எழுந்தது.

வழக்கமான அமைப்பு

முதற்பிரிவில் முந்நூறுக்கும் மேற்பட்ட மகளிர் கைப்பந்தாட்ட அணிகள் உள்ளன. இவை பிக் டென், பிக் 12, எஸ்.இ.சி., ஏ.சி.சி. போன்ற 'கான்பரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்துள்ளன. தொடக்கத்தில் இவை பல நூறு மைல் பயணத்திற்குள் அமைந்த பல்கலைக்கழகங்களின் வட்டாரக் குழுக்களாக இருந்தன; பிற்காலத்தில் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் இவற்றின் எல்லைகளைத் தீர்மானித்தன.

ஓர் அணி பருவத்தின் முதற்பகுதியில் தன் கூட்டமைப்பைச் சாராத அணிகளுடன் ஆடும். அடுத்த பகுதியில் தன் கூட்டமைப்பிற்குள் ஆடும். ஒவ்வொரு கூட்டமைப்பிலிருந்தும் ஓர் அணி தேசியப் போட்டிக்குத் தானாகவே தகுதி பெறுகிறது. பல சிறு கூட்டமைப்புகள் இதற்கென இறுதியில் ஒரு தனிப் போட்டி நடத்துகின்றன. இப்பருவத்தில் பெரிய கூட்டமைப்புகளில் அத்தகைய போட்டி இல்லை. புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்ற அணியே தகுதி பெற்றது. எனவே இக்கூட்டமைப்புகளில் பட்டியலின் முதல் வரியே ஓர் அனுமதிச் சீட்டாகும். எஞ்சிய இடங்களை என்.சி.ஏ.ஏ.வின் தேர்வுக் குழு நிரப்புகிறது.

தேசியப் போட்டியில் வழக்கமாக 64 அணிகள் பங்கேற்கும். அக்காலத்தில் அவற்றுள் சிறந்த 16 அணிகளுக்கு மட்டும் 1 முதல் 16 வரை தரநிலை எண் வழங்கப்பட்டது. இந்த எண்ணின் பயன் வெறும் பெருமையன்று. தரநிலை பெற்ற அணிகள் முதலிரு சுற்றுகளைத் தம் சொந்த அரங்கில், தம் பார்வையாளர் முன்னிலையில் ஆடின. முதல் நான்கு அணிகள் அதற்கடுத்த இரு சுற்றுகளையும் சொந்த ஊரிலேயே ஆட வாய்ப்புண்டு.

பருவம் பிளவுபடல்

2020 சூலையில் ஐவி லீக் தன் இலையுதிர்கால விளையாட்டுகளை நிறுத்தியது. ஆகத்து 11 அன்று பிக் டென், பேக்-12 ஆகிய இரு பெரிய கூட்டமைப்புகளும் ஒரே நாளில் இலையுதிர்கால விளையாட்டுகளை ஒத்திவைத்தன. அதற்கிரண்டு நாட்களுக்குப் பின் முதற்பிரிவு இலையுதிர்கால வாகையர் போட்டிகளை அப்பருவத்தில் நடத்த இயலாது என என்.சி.ஏ.ஏ. அறிவித்தது. செப்டம்பரில் அவற்றை 2021 வசந்தகாலத்திற்கு மாற்றவும், ஒவ்வொரு போட்டியிலும் வழக்கமான அணிகளின் எண்ணிக்கையில் 75 விழுக்காட்டை மட்டும் சேர்க்கவும் ஒப்புதல் அளிக்கப்பட்டது. மகளிர் கைப்பந்தாட்டத்தில் 64 அணிகள் 48 ஆகக் குறைந்தது இவ்வாறுதான்.

ஆனால் எல்லாக் கூட்டமைப்புகளும் வசந்தகாலம் வரை காத்திருக்கவில்லை. பிக் 12 தன் கூட்டமைப்பு ஆட்டங்களை இலையுதிர்காலத்திலேயே முடித்தது. ஒன்பது அணிகள் கொண்ட அக்கூட்டமைப்பில் டெக்சாஸ் 16 ஆட்டங்களிலும் வென்றது. எஸ்.இ.சி. அணிகள் இலையுதிர்காலத்தில் அணிக்கு எட்டு ஆட்டங்களை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை வசந்தகாலத்திற்கு விட்டன. ஏ.சி.சி.யும் பருவத்தை இரண்டாகப் பிரித்தது. பிக் டென் 2021 சனவரியில்தான் முதல் பந்தை அடித்தது. ஐவி லீக், பிக் வெஸ்ட் ஆகிய இரண்டும் அவ்வாண்டு மகளிர் கைப்பந்தாட்டமே நடத்தவில்லை.

இதன் விளைவாக, டெக்சாஸ் வீராங்கனையர் தம் கூட்டமைப்பை வென்று முடித்த பின்னரே மினசோட்டா வீராங்கனையர் தம் முதல் ஆட்டத்தை ஆடினர். இவ்விரு அணிகளையும் ஏப்ரலில் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டியிருந்தது.

புள்ளிப்பட்டியல் சிக்கல்

பிக் டென் கூட்டமைப்பு அணிக்கு 22 ஆட்டங்கள் கொண்ட அட்டவணையை வகுத்தது. பயணத்தைக் குறைக்க, ஓர் அணி ஒரே வார இறுதியில் ஒரே எதிரணியுடன் அடுத்தடுத்த நாட்களில் இரு ஆட்டங்கள் ஆடுமாறு அது அமைந்தது. இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு: ஓர் அணியில் தொற்று கண்டறியப்பட்டால் ஓர் ஆட்டமன்று, இரண்டு ஆட்டங்கள் ஒருசேர நீங்கும், எதிரணிக்கும் அதே இழப்பு நேரும். மாற்று நாள் தேடுவதற்குக் காலண்டரில் இடமும் இல்லை.

கூட்டமைப்பின் முன்னணி மூன்று அணிகளின் நிலை, ஆட்டங்கள் முடிந்தபோது பின்வருமாறு இருந்தது:

விஸ்கான்சின்: 15 வெற்றி, 0 தோல்வி, வெற்றி விகிதம் 1.000
மினசோட்டா: 15 வெற்றி, 2 தோல்வி, வெற்றி விகிதம் 0.882
நெப்ராஸ்கா: 14 வெற்றி, 2 தோல்வி, வெற்றி விகிதம் 0.875

மூன்று அணிகளுமே 22 ஆட்டங்களை எட்டவில்லை. வெற்றிகளை மட்டும் எண்ணினால் விஸ்கான்சினும் மினசோட்டாவும் சமம். தோல்விகளை மட்டும் எண்ணினால் மினசோட்டாவும் நெப்ராஸ்காவும் சமம். வெற்றி விகிதம் ஒன்றே மூன்றையும் பிரிக்கிறது. விஸ்கான்சினைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை. எந்த அளவுகோலிலும் அதற்கு மேலே எவரும் இல்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கிடையேயுள்ள 0.007 என்னும் வேறுபாட்டை உற்றுநோக்க வேண்டும். நெப்ராஸ்கா ஆடாது விடுபட்ட ஆட்டங்களுள் ஒன்றே ஒன்றை ஆடி வென்றிருந்தால், இரு அணிகளும் 15–2 எனச் சமநிலை அடைந்திருக்கும். அதாவது இந்த இடைவெளி முழுவதும் ஆடப்படாத ஓர் ஆட்டத்தின் அளவேயாகும். பின்னர் தேசியப் போட்டியில் மினசோட்டாவிற்கு 3ஆம் தரநிலையும் நெப்ராஸ்காவிற்கு 5ஆம் தரநிலையும் கிடைத்தன.

வெற்றி விகிதம் இன்னொன்றையும் மறைக்கிறது. எந்த எதிரணியுடனான ஆட்டங்கள் விடுபட்டன என்பது அதில் தெரியாது. வலுவான அணியுடனான ஆட்டம் நீங்கினால் விகிதத்திற்கு ஆதாயம். எளிய அணியுடனான ஆட்டம் நீங்கினால் நட்டம். இரண்டையும் பட்டியல் ஒன்றுபோலவே காட்டும்.

ஆர்.பி.ஐ. பயனிழந்தது ஏன்?

அக்காலத்தில் தேர்வுக் குழுவின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக ஆர்.பி.ஐ. என்னும் குறியீட்டெண் இருந்தது. அதன் சூத்திரம் எளியது. ஓர் அணியின் வெற்றி விகிதத்திற்கு 25 விழுக்காடு, அதன் எதிரணிகளின் வெற்றி விகிதத்திற்கு 50 விழுக்காடு, அந்த எதிரணிகளுடைய எதிரணிகளின் வெற்றி விகிதத்திற்கு 25 விழுக்காடு என எடை தந்து கூட்டினால் ஆர்.பி.ஐ. கிடைக்கும். எதிரணிகளின் விகிதத்தைக் கணக்கிடும்போது அவை நம் அணியுடன் ஆடிய ஆட்டங்கள் நீக்கப்படும்.

சூத்திரத்தின் முக்கால் பங்கு எதிரணிகளின் வலிமையை அளப்பதற்கானது. இப்போது ஒரு கூட்டமைப்பின் அணிகள் யாவும் தமக்குள் மட்டுமே, ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் சம எண்ணிக்கையில் ஆடியதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி வெல்ல மற்றொன்று தோற்கும். எனவே நம் அணியை நீக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சிய அணிகளின் சராசரி வெற்றி விகிதம் சரியாக 0.5 ஆகவே இருக்கும். எதிரணிகளின் எதிரணிகளுக்கும் அதுவே. ஆகவே:

ஆர்.பி.ஐ. = (0.25 × வெற்றி விகிதம்) + (0.50 × 0.5) + (0.25 × 0.5) = (0.25 × வெற்றி விகிதம்) + 0.375

எல்லா ஆட்டங்களிலும் வென்ற அணிக்கு இது 0.625 தரும். நாட்டின் மிகக் கடினமான கூட்டமைப்பில் வென்றாலும் 0.625, மிக எளிய கூட்டமைப்பில் வென்றாலும் அதே 0.625. வலிமையை அளக்கவென்று சேர்க்கப்பட்ட முக்கால் பங்கும் ஒரு மாறிலியாகச் சுருங்கிவிடுகிறது.

இது ஆர்.பி.ஐ.யின் தனிக் குறையன்று. அணிகளைப் புள்ளிகளாகவும் ஆட்டங்களை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வரைந்து பார்த்தால் காரணம் விளங்கும். கூட்டமைப்புகளுக்கிடையே கோடுகளே இல்லாவிடில் படம் தனித்தனித் தீவுகளாகப் பிரிந்து நிற்கும். அத்தகைய படத்தில் ஒரு தீவின் அணியை மற்றொரு தீவின் அணியோடு ஒப்பிட, ஆட்ட முடிவுகளை மட்டும் கொண்டு எந்தக் கணக்காலும் இயலாது. வழக்கமான ஆண்டுகளில் செப்டம்பர் மாதத்து ஆட்டங்களே தீவுகளுக்கிடையே பாலங்களாகும். 2020–21இல் பிக் டென் தன் கூட்டமைப்பிற்குள் மட்டுமே ஆட, வேறு பலவும் அவ்வாறே செய்ய, பாலங்கள் மிகச் சிலவே மிஞ்சின. டெக்சாஸ் போன்று வசந்தகாலத்தில் பிற கூட்டமைப்பு அணிகளுடன் ஆடியவை அச்சிலவற்றுள் அடங்கும்.

தரநிலை

48 அணிகளின் பட்டியல் 2021 ஏப்ரல் 4 அன்று அறிவிக்கப்பட்டது. இதில் 30 அணிகள் கூட்டமைப்பு வாகையராகத் தகுதி பெற்றவை. 18 அணிகள் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் வாகை சூடிய ஸ்டான்போர்டு அணி இப்பட்டியலில் இல்லை. அவ்வணி பத்தே ஆட்டங்கள் ஆடி, இரண்டில் மட்டும் வென்றிருந்தது.

முதல் எட்டுத் தரநிலைகள் விஸ்கான்சின், கென்டக்கி, மினசோட்டா, டெக்சாஸ், நெப்ராஸ்கா, வாஷிங்டன், பர்டியூ, புளோரிடா என்ற வரிசையில் அமைந்தன. இவற்றுள் 1, 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படை எண்கள் நான்கும் பிக் டென் அணிகளுக்கே சென்றன. வெளியே ஓர் ஆட்டமும் ஆடாத கூட்டமைப்பிற்கு இவ்வளவு மதிப்பளிக்க அவ்வாண்டின் முடிவுகளில் ஆதாரம் இருக்க வழியில்லை. முந்தைய ஆண்டுகளில் அக்கூட்டமைப்பு ஈட்டிய நற்பெயரே இங்கு நிறையாக வைக்கப்பட்டது எனலாம். நெப்ராஸ்கா 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் வாகையர். விஸ்கான்சின் 2019இல் இரண்டாமிடம்.

தரநிலையின் பயனும் இம்முறை மாறியது. ஆட்டங்கள் அனைத்தும் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில், ஏப்ரல் 14 முதல் 24 வரை நடைபெற்றதால் சொந்த அரங்கு என்னும் சலுகை மறைந்தது. (2020 டிசம்பரில் அரையிறுதியும் இறுதியும் நடைபெறுவதற்கு முன்னரே தெரிவாகியிருந்த நகரம் ஒமாஹாவே ஆகும்.) அதற்கு ஈடாகத் தரநிலை பெற்ற 16 அணிகளுக்கு முதற்சுற்றில் 'பை' கிடைத்தது. மற்ற 32 அணிகள் ஆடி, வென்ற 16 அணிகள் இரண்டாம் சுற்றில் அவற்றை எதிர்கொண்டன.

ஒமாஹா ஏற்பாடுகள் குறித்த கண்டனம்

தொடக்கச் சுற்றுகள் சி.எச்.ஐ. ஹெல்த் சென்டர் வளாகத்தின் மாநாட்டுக் கூடத்தில் தற்காலிக ஆடுகளங்களில் நடைபெற்றன. சிமெண்டுத் தரையின்மேல் களம் விரிக்கப்படுவது குதித்தாடும் வீராங்கனையரின் முழங்கால்களுக்கு ஏற்றதன்று எனப் பயிற்றுநர்கள் எதிர்த்தனர். உடைமாற்றும் அறைகள் இல்லாமையும், முதலிரு சுற்றுகளின் இணைய ஒளிபரப்பு வருணனையாளர் இன்றி நடைபெறும் என்ற அறிவிப்பும் கண்டனத்திற்குள்ளாயின. விஸ்கான்சின் பயிற்றுநர் கெல்லி ஷெஃபீல்டு வெளிப்படையாகக் குரலெழுப்பியோருள் ஒருவர். அதற்கு முந்தைய மாதந்தான் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடவருக்கும் மகளிருக்கும் அமைக்கப்பட்ட உடற்பயிற்சி அறைகளின் வேறுபாடு நாடெங்கும் பேசப்பட்டிருந்தது. எல்லா ஆட்டங்களுக்கும் வருணனை உண்டு எனப் பின்னர் அறிவிக்கப்பட்டது.

முடிவுகள்

இத்தனை குறைந்த தரவுகளைக் கொண்டு வகுத்த தரநிலை பெருமளவு பொருந்தியது வியப்பளிப்பதாகும். முதல் எட்டுத் தரநிலை அணிகளுள் ஏழு கால் இறுதியை எட்டின. விதிவிலக்கு மினசோட்டா மட்டுமே. தரநிலை பெறாத பிட்ஸ்பர்க் அணி அதனை நேர் செட்களில் வென்றது. அந்த பிட்ஸ்பர்க் அணியை ஐந்து செட் ஆட்டத்தில் வென்று வாஷிங்டன் அரையிறுதி அடைந்தது. தரநிலை பெறாத மற்றோர் அணியான மேற்குக் கென்டக்கி, 16 அணிகள் சுற்று வரை முன்னேறித் தன் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான கென்டக்கியிடம் தோற்றது.

பிக் டென் அணிகள் நான்கில் விஸ்கான்சின் மட்டுமே அரையிறுதி கண்டது. அங்கு டெக்சாஸ் அதனை 3–0 என வென்றது. 18–1 என முடிந்த விஸ்கான்சினின் பருவத்தில் அதுவே ஒரே தோல்வி. மற்றோர் அரையிறுதியில் கென்டக்கி வாஷிங்டனை 3–1 என வென்றது.

இறுதியாட்டத்தில் முதல் செட்டை இழந்த கென்டக்கி 20–25, 25–18, 25–23, 25–22 என்ற கணக்கில் வென்றது. பயிற்றுநர் கிரெய்க் ஸ்கின்னர். பந்தை அமைத்துக் கொடுக்கும் செட்டர் மேடிசன் லில்லி அவ்வாண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எஸ்.இ.சி. கூட்டமைப்பிலிருந்து மகளிர் கைப்பந்தாட்ட வாகை சூடிய முதல் அணி இதுவே. அதன் முழுப் பருவக் கணக்கு 24–1. ஒரே தோல்வி புளோரிடாவிடம். டெக்சாஸின் கணக்கு 27–2. இறுதியை எட்டிய இவ்விரு அணிகளும் இலையுதிர்காலத்திலேயே ஆடத் தொடங்கியவை. ஒரே பருவத்தைக் கொண்டு இதற்குக் காரணம் கற்பிப்பது பொருந்தாது.

பின்விளைவு

இப்பருவம் வீராங்கனையரின் தகுதிக்காலத்தில் கணக்கிடப்படவில்லை. அனைவருக்கும் ஓராண்டு கூடுதலாக வழங்கப்பட்டது. விஸ்கான்சினின் டேனா ரெட்கி, சிட்னி ஹில்லி ஆகியோர் அதனைப் பயன்படுத்தித் திரும்பினர். 2021 ஆகத்தில் தொடங்கிய அடுத்த பருவத்தில் 64 அணிகளும் சொந்த அரங்குச் சலுகையும் மீண்டன. அவ்வாண்டு டிசம்பரில் விஸ்கான்சின் இறுதியாட்டத்தில் நெப்ராஸ்காவை ஐந்து செட்களில் வென்று தன் முதல் வாகையர் பட்டத்தைப் பெற்றது.