‘அந்த நாள்’: கொலையும் காலமும்

துப்பறியும் படங்களில் இறுதித் திருப்பம் என்பது பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே எரியும் தீக்குச்சி. கொலையாளி யாரெனத் தெரிந்தபின் அப்படத்தை மறுமுறை பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. 1954 ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’ இதற்கு விலக்கு. முடிவை அறிந்த பின்னரே அதன் முழுப்பொருளும் புலப்படுகிறது. ஆகவே அம்முடிவை மறைக்காமலே இங்குப் பேசுவோம்.

படத்தை இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். அந்த இசைக்கலைஞர் எடுத்த இப்படத்தில் ஒரு பாடல்கூட இல்லை. 1931-இல் தொடங்கிய தமிழ்ப் பேசும் பட வரலாற்றில் பாடலின்றி வந்த முதற்படம் இதுவே. நாயகன் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார். அதன்பின் அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என ஒவ்வொருவரையும் ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி விசாரிக்கிறார். வசனமும் அவருடையதே.

அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ (1950) படத்தோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை பாதிவரைதான் பொருந்தும். ‘ரஷோமான்’ உண்மையை எட்டாத தொலைவில் நிறுத்திவிடுகிறது. ‘அந்த நாள்’ உண்மையைக் கண்டறிந்து நம் முன் வைக்கிறது. ஐயத்திற்குரியோரை நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், திரைக்கதையோ கொலையுண்டவன் யார் என்பதையே துருவிக்கொண்டிருக்கிறது. வானொலிப் பொறியாளனான ராஜன், தன் திறமையை மதியாத நாட்டின்மீது கசப்புற்று, ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்றவன். அவனைக் கொன்றது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி. பண்டரிபாய் அடக்கத்தோடு ஏற்ற பாத்திரம் அது.

கொலையுண்ட கணவனுக்காக அரசவையில் நீதி கேட்ட கண்ணகியைக் கொண்டாடும் மரபு நம்முடையது. அம்மரபில், நாட்டின்பொருட்டுக் கணவனுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தும் ஒருத்தியை 1954-இலேயே நிறுத்தியது துணிவான செயல்.

ஆயினும் வரலாற்றின் துணையோடு பார்க்கையில் ஒரு முடிச்சு எஞ்சுகிறது. கதை நிகழ்வது 1943 அக்டோபர் 11-இல்; ஜப்பானிய விமானமொன்று சென்னையில் குண்டு வீசிய நேரம். பத்தே நாள் கழித்து, அக்டோபர் 21-இல், சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார், அதே ஜப்பானின் துணையோடு. மலாயாத் தமிழர் பலர் அவர் படையில் சேர்ந்தனர். அன்று சென்னையை ஆண்டதோ ஆங்கிலேய அரசு. அப்படியாயின், உஷா காக்க முனைந்த நாடு எது?

விலைக்கு விற்ற ராஜனையும் விடுதலைக்குப் போரிட்டோரையும் ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. ஆனால் படம் வழங்கும் ஐயமற்ற தீர்ப்பு, விடுதலை கண்ட 1954-இன் தீர்ப்பு. குழப்பம் மிகுந்த 1943-இனுடையது அன்று. கொலையாளியைக் கண்டுகொண்ட பின்னும் நாம் விசாரிக்க வேண்டியது அந்தப் பதினோராண்டு இடைவெளியையே. மறுமுறை பார்ப்போர் அங்கிருந்து தொடங்கலாம்.