4 தொழிலாளர்கள், 50 கனிமம்

ஸ்டார்கிராஃப்ட் 1998இல் வெளியான அமெரிக்க விளையாட்டு. ஆனா அதைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடியது தென்கொரியா. ஏன்? மூன்று இனங்களுக்கும் இடையிலான சமநிலை என்பார்கள். சரிதான். நான் அதற்கு முந்தைய வருடத்தையும் சேர்த்தே பார்க்கிறேன்.

1997 இறுதியில் பொருளாதாரம் சரிந்து, நாடு ஐ.எம்.எஃப்.பிடம் கடனுக்குக் கைநீட்டியது. வேலை போனவர்களில் சிலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு ‘பிசி பாங்’ எனும் கணினி மையங்களைத் திறந்தார்கள். வேலை கிடைக்காத இளைஞர்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அங்கே உட்கார்ந்தார்கள். அதிவேக இணையமும் அப்போதுதான் பரவியது.

ஸ்டார்கிராஃப்டில் ஆட்டம் தொடங்கும்போது யாராயிருந்தாலும் கையில் 4 தொழிலாளர்கள், 50 கனிமம். அவ்ளோதான். அப்பன் சொத்து, சிபாரிசு எதுவும் செல்லாது. வெளியே கிடைக்காத நியாயம் உள்ளே கிடைத்தால், எவன்தான் எழுந்து வீட்டுக்குப் போவான்?