ஆயோருவில் ஒரு திரையிடல்

ஒரு படைப்பின் குறைநிறைகளை எடுத்துரைக்கும் தகுதி யாருக்குரியது என்ற வினா புதியதன்று. நம் மரபிலே நூல்கள் கற்றோர் அவையில் அரங்கேற்றப்பட்டன. அவையோர் தடை எழுப்புவர். ஆசிரியன் விடை பகர்வான். ஆனால், நூலிலே பேசப்படும் உழவனும் மீனவனும் அவ்வவையில் அமர்ந்து, "எங்கள் தொழிலை நீர் பிழைபடக் கூறினீர்" என்று மறுப்பதற்கு இடமிருக்கவில்லை. திரைப்படத்தின் வரலாற்றிலே இத்தகைய மறுப்பு ஒருமுறை எழுந்தது. அது ஓர் ஆய்வு மாணவனின் குறும்படத்தையும், அதன் வழியே ஒரு துறையின் போக்கையும் மாற்றியமைத்தது. அதனை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. கனடாவின் வடபகுதியில் இனூயிற் மக்களைப் படம்பிடித்த றொபேட் பிளாஹேட்டி, 1916 ஆம் ஆண்டில் சிகரெட் நெருப்பினால் ஏறத்தாழ 30,000 அடி மூலச்சுருளை இழந்தார். எஞ்சிய ஒரே பிரதியைப் பிறருக்குக் காட்டியபோது, அவர்கள் மரியாதைக்காகவே பார்த்தனர் என்பதை உணர்ந்தார். காட்சிகளைக் கோக்கும் இழை அதிலில்லை. 1920 இல் மீண்டும் சென்று, ஒரு குடும்பத்தை மையமாகக் கொண்டு படம்பிடித்து, எடுத்த பகுதிகளை அம்மக்களுக்கே அவ்வப்போது திரையிட்டும் காட்டினார். 1922 இல் வெளிவந்த 'நனூக்' இவ்வாறு உருவானதே. எனினும், துப்பாக்கி பழக்கத்திற்கு வந்துவிட்ட காலத்தில் பழைய எறியீட்டியையே ஏந்துமாறு அவர்களை வேண்டியவரும் அவரே. பார்வையாளரிடமிருந்து பிளாஹேட்டி கற்றது கதைசொல்லும் முறையை மட்டுமே எனலாம்.

பிரான்சைச் சேர்ந்த ஜீன் றூஷ் எதிர்கொண்ட மறுப்பு வேறு வகையினது. பொறியியல் கற்ற றூஷ் 1941 இல் நைஜருக்குச் சென்றார். அன்று அது பிரெஞ்சுக் குடியேற்ற நாடு. வீதி அமைக்கும் பணியில் அவரிடம் வேலை செய்த டமூரே ஸிகா, நைஜர் ஆற்று மீனவரான சொர்க்கோ குலத்தவர். இவ்விளைஞர் வழியாகவே அம்மக்களின் சடங்குகள் றூஷுக்கு அறிமுகமாயின. போர் முடிந்தபின் மார்சல் கிறியோலின் கீழ் இனவரைவியல் பயின்ற றூஷ், 1946-47 இல் நண்பர் இருவருடன் நைஜர் ஆற்றின் வழியே பயணம் செய்து, 16 மி.மீ. கருவியொன்றினால் நீர்யானை வேட்டையைப் பதிவு செய்தார். கருவியின் முக்காலி ஆற்றோடு போயிற்று. கையிலேந்தியே படம்பிடிக்க நேர்ந்தது. (பிற்காலத்தில் அவரது தனிமுத்திரை என்று புகழப்பட்ட முறை இதுவே.) அப்படத்தைப் பெற்றுக்கொண்ட செய்திப்பட நிறுவனம், சைக்கிளோட்டப் போட்டியின் அறிவிப்பாளர் ஒருவரின் ஆரவாரக் குரலைச் சேர்த்துப் பாரிஸ் அரங்குகளில் காட்டியது. றூஷுக்கு அது உவப்பளிக்கவில்லை.

1951 இல் கலாநிதிப் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்த காலத்திலே, ஆயோரு என்னும் ஆற்றங்கரை ஊரின் சொர்க்கோ வேட்டையாளரைக் கொண்டு 'பெருநதியில் ஒரு போர்' என்ற குறும்படத்தை றூஷ் எடுத்தார். பெரிய ஆண் நீர்யானை இறுதியில் தப்பிவிடும் இப்படத்தின் விறுவிறுப்பான கட்டத்திலே பின்னணி இசை சேர்க்கப்பட்டிருந்தது. அதுவும் அந்நிய இசையன்று. வேட்டையாளருக்குத் துணிவூட்டும் அவர்களது சொந்த இசையே. தாம் உரிய தெரிவைச் செய்துவிட்டதாகவே றூஷ் கருதியிருந்தார்.

1954 இல் படச்சுருளுடன் ஆயோருவுக்குத் திரும்பிய றூஷ், படுக்கை விரிப்பொன்றைத் திரையாகக் கட்டி அதனை ஊராருக்குக் காட்டினார். சினிமா காணாத அம்மக்கள் சிறிது நேரத்திலேயே திரையின் மொழியை விளங்கிக்கொண்டனர். இடைக்காலத்தில் இறந்துபோனோரின் முகங்களைக் கண்டு அழுதனர்; மீண்டும் மீண்டும் காட்டுமாறு வேண்டினர். அதன் பின்னரே விமரிசனம் தொடங்கிற்று. வேட்டையின்போது எவரும் இசைப்பதில்லை. ஓசை கேட்டால் நீருக்கடியிலுள்ள நீர்யானை ஓடிவிடும். அவ்வேளையில் அமைதியே வேண்டும் என்பது வேட்டையாளரின் மறுப்பாக இருந்தது. றூஷ் அவ்விசையை நீக்கினார்.

இம்மறுப்பை நகைச்சுவைத் துணுக்காக மட்டும் கூறிச்செல்வோர் உளர். அது பொருந்தாது. திரைக்கு வெளியே ஒலிக்கும் இசை விலங்கின் செவிக்கு எட்டாது என்பது மேலைநாட்டுச் சினிமாவின் வழக்கு, உலகப் பொதுவிதியன்று. இசை எதற்காக, எவ்வேளையில் என்பதை அறிந்தவர் வேட்டையாளர்; றூஷ் அறிந்திருந்தது இசையின் பெயரை மட்டுமே. பாரிஸ் அரங்கில் எத்தனை முறை திரையிட்டாலும் இப்பிழையைச் சுட்டவல்லார் ஒருவரும் அங்கிருந்திருக்க மாட்டார். மேலும், ஆண்டோர் நாட்டு ஆய்வாளனிடம், ஆளப்பட்டோர் "நீ செய்தது பிழை" என்று கூறுதற்கு அக்காலத்தில் வேறு எவ்விடம் இருந்தது? ஆய்வுநூல் பிரெஞ்சு மொழியில் நூலகத்திற்குள் அடங்கிவிடும். படமோ எழுத்தறியாதாரும் வாசித்து மறுக்கக்கூடிய நூலாயிற்று.

ஆயினும், பார்வையாளர் கூறுவதனைத்தையும் ஏற்பதே நெறி என்று முடிவு கட்டுதல் இயலாது. குடியேற்ற நாட்டு ஆளுநரும் தளபதியும் ஆவிகளாக வந்திறங்கும் ஹவுக்கா சடங்கை, அதன் பூசகரின் அழைப்பின் பேரில் றூஷ் 1954 இல் அக்ராவில் படம்பிடித்தார். 'பித்தேறிய எசமானர்கள்' என்னும் அப்படம் பாரிஸின் மானுட நூதனசாலையில் காட்டப்பட்டபோது, அதை அழித்துவிடுமாறு ஆசிரியர் கிறியோலே கூறினார். ஆபிரிக்கர் காட்டுமிராண்டிகள் என்ற எண்ணத்தை இது வலுப்படுத்தும் என்று ஆபிரிக்க அறிஞரும் எதிர்த்தனர். பிரித்தானிய ஆட்சியோ, தன்னை எள்ளுவதாகக் கருதித் தடை விதித்தது. பூசகர் விரும்பிய படத்தை ஆசிரியர் வெறுத்தார். ஆட்சியாளரும் ஆட்சியை எதிர்த்தோரும் வெவ்வேறு காரணங்களுக்காக மறுத்தனர். றூஷ் படத்தை அழிக்கவில்லை. 1957 இல் அது வெனிஸில் பரிசும் பெற்றது. ஆபிரிக்க அறிஞரின் அச்சத்திற்கு அப்பரிசு விடையாகாது என்பதே என் கருத்து. எந்த அவையில், எந்த விளக்கத்தோடு காட்டுவது என்பதும் படைப்பாளியின் பொறுப்பில் அடங்கும்.

ஆயோருப் பாடம் பின்னைய படங்களில் தொடர்ந்தது. டமூரே, லாம், இல்லோ என்னும் மூவர் தொழில் தேடிக் கடற்கரை நகர்களுக்குச் செல்லும் 'ஜாகுவார்' படம் 1954 இல் தொடங்கப்பட்டது. ஒலியின்றிப் பதிவான அதனைத் திரையில் பார்த்தவாறே நடித்தவர்கள் தம் கூற்றுக்களைப் புனைந்துரைத்தனர். பார்வையாளரின் விமரிசனம் இவ்வாறு படத்தின் ஒலித்தடமாகவே மாறிற்று. அபிஜான் நகரின் கூலித்தொழிலாளரைப் பற்றிய 'நான் ஒரு கறுப்பன்' (1958) படத்திற்கும் இம்முறையே கையாளப்பட்டது. அதில் நடித்துக் குரல் கொடுத்த உமரு கன்டா, இந்தோசீனப் போரில் பிரான்சுக்காகப் போராடித் திரும்பியவர். தம் வாழ்க்கையை றூஷ் காட்டிய விதம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அவர் கருவியைத் தாமே கையிலெடுத்தார். இந்தோசீனாவிலிருந்து ஊர் திரும்பும் படைவீரனின் கதையைக் கூறும் 'கபஸ்கபோ'வை 1968 இல் இயக்கி, அப்படைவீரனாகத் தாமே நடித்தார்.