சட்டாம்பிள்ளைக்கு யார் பாடம் சொல்வது? மீத்திற மாணவர் கற்பித்தலின் ஒரு வரலாற்றுத் தடம்

ஆசிரியர் கரும்பலகையில் பத்துக் கணக்கு எழுதிப் போடுகிறார். வகுப்பில் பாதிப் பேர் மூன்றாவது கணக்கில் நிற்கும்போதே ஒரு மாணவி பத்தையும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். “முடிச்சுட்டியா? பக்கத்துல இருக்கிறவளுக்குச் சொல்லிக் கொடு” என்கிறார் ஆசிரியர். மீத்திற மாணவரை வகுப்பறையில் ஈடுபடுத்த நம் ஆசிரியர்கள் அதிகம் கையாளும் உத்தி இதுதான். இந்த உத்திக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு முக்கியமான கண்ணி சென்னை எழும்பூரில் இருக்கிறது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித் தரும் வழக்கம் திண்ணைப் பள்ளியில் தனித்து இயங்கவில்லை. அவரவர் வேகத்தில் படிக்கும் வழக்கத்தோடு பிணைந்தே இருந்தது. பின்னர் அந்தப் பிணைப்பு அறுந்தது. அறுந்ததால் இழப்புக்கு ஆளானவர் யார், அதை மீண்டும் முடிச்சிட முயன்றவர்கள் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளில் வகுப்பு என்பது கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளை மணலில் விரலால் ‘அ’னா எழுதிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒருவன் எண்சுவடி ஒப்பிப்பான். இன்னொருவன் நிகண்டு உருப்போடுவான். கையில் எந்தச் சுவடி இருக்கிறதோ அதுவே அவனுடைய நிலை. ஒரு சுவடி முடிந்தால் அடுத்த சுவடி கைக்கு வரும். அதற்கு ஆண்டு முடிய வேண்டியதில்லை, உடன் படிப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்த அமைப்பில் மூத்த, தேர்ந்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை ஆவான். வாத்தியாருக்கு அடுத்த அதிகாரம் அவனுக்கு. சிறியவர்களின் பாடத்தைக் கேட்பதும், வாத்தியார் இல்லாத நேரத்தில் பள்ளியை நடத்துவதும், எல்லோரும் சேர்ந்து பாடம் ஒப்பிக்கும்போது முன்னே நின்று சொல்லிக்கொடுப்பதும் அவன் பொறுப்பு. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் இந்தச் சட்டாம்பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மணலில் எழுதிப் படிப்பதையும், ஆசிரியர் அருகில் இல்லாமல் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்வதையும் தென்னிந்தியாவில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லே 1623லேயே கண்டு வியந்து குறித்திருக்கிறார். முறையான அரசு ஆவணம் இருநூறு ஆண்டு கழித்து வருகிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிகளின் நிலவரம் கேட்டார். தொகுத்துப் பார்த்தபோது 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படிப்பது தெரிந்தது. பெல்லாரிக் கலெக்டர் ஏ.டி. காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது. தேர்ந்த மாணவர்களைக் கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைக்கும் முறையை அவர் மனமாரப் பாராட்டுகிறார். அப்படிச் சொல்லித்தருவதால் அவர்களுடைய சொந்த அறிவும் உறுதிப்படுகிறது என்று காரணமும் காட்டுகிறார். சொல்லித்தருகிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அவருக்கு இருந்தது. அதே அறிக்கையில் பிள்ளைகள் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பதையும் அவர் கண்டிக்கிறார்.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெண் பிள்ளைகள் அங்கே மிகச் சிலர். தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் குழந்தைகளால் திண்ணையில் ஏறவே முடியவில்லை. அந்தக் குழந்தைகளில் எத்தனை மீத்திறம் மண்ணோடு போனது என்பதற்கு எந்தக் கலெக்டரும் கணக்கு எடுக்கவில்லை. ஆனாலும் அங்கே நடந்த மனனத்தை வெறும் உருப்போடல் என்று தள்ளிவிடவும் முடியாது. எண்சுவடி மரபை ஆராய்ந்த செந்தில் பாபு, நில அளவை, நெல் அளவை, கூலிக் கணக்கு ஆகியவற்றோடு இணைந்த கணிப்புப் பயிற்சியாகவே அந்த மனனம் இருந்தது என்று காட்டியிருக்கிறார். வேகமாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை அடுத்த வாய்ப்பாட்டுக்கு, அடுத்த பின்னத்துக்கு, அதன் பிறகு நடைமுறைக் கணக்குக்குப் போவதற்கு அங்கே தடையில்லை.

உயர்நிலைத் தமிழ்க் கல்வியிலும் இதே வழக்கம்தான். சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது, முதலில் மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளையிடமே பாடம் கேட்க வைக்கப்பட்டார். பதினாறு வயது இளைஞருக்கு அது போதவில்லை. ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்று தவித்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலையில் தோட்டத்துச் செடிகளின் புதுத் தளிர்களைத் தேடிப் பார்ப்பது வழக்கம். அதைக் கவனித்த சாமிநாதையர் தாமும் தளிர் தேடத் தொடங்கி, அந்தப் பழக்கத்தின் வழியே ஆசிரியரின் நேரடிப் பாடத்தைப் பெற்றார். பிற்காலத்தில் திருவாவடுதுறை மடத்தில் அவரே தம்பிரான்களுக்குப் பாடம் சொன்னார். சக மாணவரின் உதவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மீத்திற மாணவர் தம்மைவிட உயரமான ஒரு மனத்தைத் தேடியே தீருவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் மொழியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன எழும்பூர்க் கண்ணிக்குத் திரும்புவோம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண்கள் அநாதை விடுதியின் கண்காணிப்பாளர் ஆனார். ஒரு நாள் குதிரையில் போகும்போது, நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதையே தம் விடுதியிலும் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் இணங்கவில்லை. அப்போது ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார் பெல். சிறுவன் நன்றாகவே நடத்தினான். படிப்படியாகப் பள்ளி முழுவதும் மாணவர்களாலேயே நடத்தப்படுவதாயிற்று. 1796இல் நாடு திரும்பிய பெல், அடுத்த ஆண்டே இந்தப் பரிசோதனையை நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆதரவில் 1811இல் தோன்றிய தேசியச் சங்கம் தன் பள்ளிகளில் அதைக் கைக்கொண்டது.

பெல்லிடம் திண்ணையின் வேகம் ஓரளவு மிஞ்சியிருந்தது. வகுப்பில் முதலிடம் பிடிப்பவன் அடுத்த வகுப்பின் கடைசியில் போய் உட்காரலாம். அங்கிருந்து மறுபடி மேலேறலாம். கற்பிப்பவன் கற்கிறான் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். ஏறக்குறைய இதே முறையை லண்டன் பரோ ரோடில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர் 1803இல் தம் நூலை வெளியிட்டார். முறை அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் வரை போனது. ஆனால் பெல், லங்காஸ்டர் ஆகிய இரு முகாம்களையும் ஆதரித்த செல்வர்களைக் கவர்ந்தது அதன் மலிவுதான். ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லலாம். அந்தக் கணக்கில் கெட்டிக்காரச் சிறுவன் சம்பளமில்லாத ஆசிரியன் ஆனான். காலையில் தான் கேட்டதைப் பகலில் பிறருக்குத் திருப்பிச் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு யார் சொல்லித்தருவது என்பது திட்டத்தில் பெரும்பாலும் விடுபட்டது.

பிரிட்டிஷ் அரசே இந்தக் குறையை ஒப்புக்கொண்டதாகத்தான் 1846ஆம் ஆண்டு ஏற்பாட்டை நான் வாசிக்கிறேன். பிரிட்டிஷ் கல்வி நிர்வாகி கே-ஷட்டில்வொர்த் கொண்டுவந்த ‘மாணவ ஆசிரியர்’ திட்டத்தில் பதின்மூன்று வயது நிரம்பியவர் ஐந்தாண்டு பயிற்சிக்குச் சேரலாம். ஆண்டுக்கு 10 பவுனில் தொடங்கி 20 பவுன் வரை உதவித்தொகை உண்டு. தலைமை ஆசிரியர் அவர்களுக்கென்று தனியே நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்த வேண்டும்; அதற்கு அவருக்கும் ஊதியம் உண்டு. சட்டாம்பிள்ளைக்கும் பாடம் உண்டு என்று விதி எழுதி, அதற்குப் பணமும் ஒதுக்கிய ஏற்பாடு இது. கல்வி வரலாற்று நூல்கள் இதை ஆசிரியர் பயிற்சியின் தொடக்கமாக மட்டும் பார்க்கின்றன. மீத்திறக் கல்வியின் வரலாற்றிலும் இதற்கு இடம் தர வேண்டும்.

அந்த நல்ல தொடக்கம் நீடிக்கவில்லை. பிரிட்டனின் 1862ஆம் ஆண்டுத் திருத்தப்பட்ட கல்விச் சட்டத்தொகுப்பு எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் ஆறு ‘ஸ்டாண்டர்டு’களை வகுத்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கைக்கேற்ப மானியம். அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கும் ‘தேர்ச்சி மானியம்’ வந்தது. திண்ணைப் பள்ளிகளும் மெல்ல அதற்குள் இழுக்கப்பட்டன. இந்த ஏற்பாட்டில் ஆசிரியரின் வருவாய் தேறுமா தேறாதா என்ற விளிம்பில் நிற்கும் பிள்ளைகளிடம் இருக்கிறது. எப்படியும் தேறிவிடும் பிள்ளைமீது கூடுதலாக ஒரு மணி நேரம் செலவிட்டாலும் ஒரு காசு அதிகம் வராது. திண்ணையில் சுவடி மாறினால் நிலை மாறும் என்றிருந்தது, இனி ஆண்டு மாறினால்தான் என்றாகிவிட்டது.

இத்தகைய அமைப்பில் ஒரு மேதைக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கலாம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணித மேதை ராமானுஜன் படித்தபோது, கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் ஆயிரத்து இருநூறு மாணவர்களையும் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆசிரியர்களையும் பொருத்திக் கால அட்டவணை போடும் வேலையை அவரிடம் கொடுத்தார். மீத்திற மாணவருக்கு உண்மையான, சிக்கலான ஒரு பணியைக் கொடுத்த அருமையான எடுத்துக்காட்டு இது. ஆசிரியரின் நுண்ணுணர்வைப் போற்றுகிறேன். ஆனால் 1904இல் ராமானுஜன் அரசுக் கல்லூரிக்குப் போனபோது அமைப்பு அவரை எல்லாப் பாடங்களிலும் ஒரே அளவில் தேறச் சொன்னது. மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தபோதுதான் அவர் வேகத்துக்கு இடம் கிடைத்தது.

வேகத்தை மீட்கும் முயற்சிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தன. செயின்ட் லூயிஸ் நகரப் பள்ளிகளில் அவற்றின் கண்காணிப்பாளர் வில்லியம் ஹாரிஸ் 1868 முதல் ஆண்டு முடியக் காத்திராமல் சில வாரங்களுக்கு ஒரு முறை மேல்நிலைக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த் இன்னும் ஆழமாகப் போனார். 1922இல் நியூயார்க்கின் 165ஆம் எண் பொதுப்பள்ளியில் சிறப்பு வகுப்புகள் தொடங்கினார். 1936 முதல் ஸ்பையர் பள்ளியில் அப்பணியைத் தொடர்ந்தார். 140 நுண்ணறிவு ஈவு உள்ள குழந்தை சாதாரண வகுப்பில் தன் நேரத்தில் பாதியை வீணாக்குகிறது என்பது அவர் மதிப்பீடு. ஸ்பையரில் அவர் பிள்ளைகளை வெறுமனே மேல்வகுப்புக்குத் தள்ளவில்லை. உணவு, உடை, விளக்கு, போக்குவரத்து போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி உருவாகி வளர்ந்தன என்று அவர்களையே தேடி ஆராய வைத்தார். வாழ்க்கை வரலாறுகளைப் படிக்க வைத்தார். தன்னைவிட மெதுவாகக் கற்கும் மனிதர்களோடு பொறுமையாக வாழக் கற்பதும் அவர் பாடத்தில் இருந்தது. அந்தக் கடைசிப் பகுதியை இன்றைய திட்டங்கள் பலவும் மறந்துவிட்டன.

1957இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் அமெரிக்க அரசு அறிவியலுக்கும் கணிதத்துக்கும் பணத்தைக் கொட்டியது. இந்தியாவில் 1963இல் தேசிய அறிவியல் திறனறித் தேர்வு வந்தது. இத்தகைய தேர்வுகள் மாணவரைக் கண்டெடுத்துப் பணம் தந்தன. வகுப்பறைக்குள் என்ன செய்வது என்பதை அவை தொடவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய கணித மீத்திற ஆய்வு அதைத் தொட்டது. மாணவருக்கு எது ஏற்கெனவே தெரியும் என்று முதலில் சோதி, தெரியாததை மட்டும் கற்பி என்பது அவர் வழி. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜோசப் ரென்சுல்லி 1970களின் பிற்பகுதியில் இதையே ‘பாடச் சுருக்கம்’ என்ற வகுப்பறை உத்தியாக வளர்த்தார். அலகு தொடங்கும் முன்பே முன்தேர்வு. தெரிந்த பகுதிக்கு விலக்கு. மிச்சமாகும் நேரத்தில் மாணவரே தேர்ந்த ஓர் உண்மையான பிரச்சினையில் வேலை. 1990களின் தொடக்கத்தில் அவருடைய குழு நடத்திய ஆய்வு, திறன் மிக்க மாணவர்களுக்கு வழக்கமான பாடத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை நீக்கிவிடலாம் என்று காட்டியது. அதனால் அவர்களுடைய தேர்வு மதிப்பெண் குறையவில்லை.

பெல்லின் உத்தி இந்தக் காலத்தில்தான் நேரடி விசாரணைக்கு உள்ளாகியது. அப்போது அமெரிக்கப் பள்ளிகளில் குழுக் கற்றல் பரவியிருந்தது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு கெட்டிக்கார மாணவரை உட்கார வைத்து மற்றவர்களை இழுத்துச் செல்லச் சொன்னார்கள். 1990இல் மீத்திறக் கல்வி ஆய்வாளர் ஆன் ராபின்சன், இது ஒத்துழைப்பா சுரண்டலா என்றே ஒரு கட்டுரையில் கேட்டார். ‘சுரண்டல்’ கடுமையான சொல்தான். சொல்லித்தருவதால் அறிவு உறுதிப்படும் என்று காம்பெல் கண்டது பொய்யல்ல. ஆனால் ஏற்கெனவே உறுதிப்பட்டதை நாற்பதாவது முறை உறுதிப்படுத்துவதில் என்ன பயன்? அந்த எல்லையைத் தாண்டியபின் அது குழந்தையின் நேரத்தை எடுத்துக்கொள்வதுதான் என்று நானும் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் திண்ணையின் அடிப்படைக் கூறு ஒன்று வேறு வடிவில் திரும்பி வந்தது. ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளின் அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் மாநிலம் முழுவதும் பரவியது. முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஏணிப்படி அட்டவணையில் ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலிருந்து தம் வேகத்தில் ஏறினார்கள். ஆசிரியர் உதவியோடு, சக மாணவர் உதவியோடு, தனியாக என்று குழுக்கள் பிரிந்தன. திண்ணையில் இடம் மறுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும் இந்த முறை அதே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வகுக்கப்பட்டன. கொரோனாக் கால இழப்பை ஈடுகட்டவே அது வந்தது. பின்தங்கிய பிள்ளையை மேலேற்றுவதே அதன் முதல் கவலை. அது நியாயமான கவலையும்கூட.

மலர் நிலையை எட்டிவிட்ட பிள்ளைக்கு அடுத்த அட்டை எது என்பதை இனி வகுக்க வேண்டும். அதற்கு ஆசிரியரிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. அலகு தொடங்கும் முன் ஐந்து கேள்விகளில் ஒரு முன்தேர்வு. தெரிந்ததை மறுபடி எழுத வைக்காமல் விடும் துணிவு. சக மாணவருக்குச் சொல்லித்தரச் சொன்னால், அதற்கு ஈடாக அந்த மாணவிக்கென்று வாரத்தில் சில மணி நேரம். அந்த நேரத்தில் அவளால் உடனே முடிக்க முடியாத ஒரு கணக்கு அவள் முன்னே இருக்க வேண்டும். 1846இல் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஓர் அரசால் எழுத முடிந்தது. இன்றைய பள்ளிக் கால அட்டவணையில் அந்த நேரத்துக்கான கட்டம் இன்னும் வரையப்படவில்லை.