பாரதம் கேட்ட ஊர்கள்: பர்கூர் வட்டாரத்தின் கூத்தும் கலைப்பயணமும்

பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரங்களில் ஊர் கூடிக் கதை கேட்பதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த பெரிய வாய்ப்பு பாரதத் திருவிழா. திரௌபதி அம்மன் கோயிலையோ தருமராஜா கோயிலையோ நடுவாகக் கொண்டு, அறுவடை ஓய்ந்த கோடை மாதங்களில், வழக்கமாகப் பதினெட்டு நாள் அளவில் அது நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. கதை சொல்லல், இசை, ஒப்பனை, ஆட்டப் பயிற்சி ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த வறண்ட நிலத்தில் தனித்தனிக் கூடங்கள் இருந்ததில்லை. திருவிழாவே அந்த வேலையைச் செய்தது.

இங்கே குறிக்கப்படும் பர்கூர், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே உள்ள ஊர். மாட்டினத்துக்குப் பெயர்பெற்ற பர்கூர் மலை ஈரோடு மாவட்டத்து அந்தியூர்ப் பக்கம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது அடிக்கடி நேரும் பிழை. 1792இல் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்த பாரமகால் பகுதியைச் சேர்ந்தது இவ்வூர். பின்னர் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் இருந்து, 2004 பிப்ரவரியில் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்தது. வடக்கே ஆந்திரத்துக் குப்பம், மேற்கே ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் புழங்கும் மண் இது.

பாரதம் படிக்கவைத்துக் கேட்கும் வழக்கம் தமிழகத்தில் பல்லவர் காலத்திலேயே இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு நிலப்பங்கு ஒதுக்கியதைச் சொல்கிறது. கதை சொல்பவருக்குக் கூலி தரவேண்டும் என்ற ஏற்பாடு அவ்வளவு பழையது. பிற்காலச் சொற்பொழிவாளர்களுக்கு வில்லிபுத்தூராரின் பாரதம் அடிப்படையானது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட அது பத்துப் பருவங்களோடு நின்றுவிடுகிறது. பதினெட்டுப் பருவங்களையும் நிறைவு செய்தது பதினெட்டாம் நூற்றாண்டின் நல்லாப்பிள்ளை பாரதம். மேடையில் அமர்ந்து ஒரு விருத்தத்தைப் பாடி, பதம் பிரித்து, உள்ளூர்ச் செய்தி ஒன்றையும் இழுத்துவந்து பொருள் சொல்வது பிரசங்கியாரின் முறை. எழுத்தறியாத உழவர் பலர் விருத்தங்களை மனப்பாடமாகச் சொன்னதற்கு இந்தப் பகல் வகுப்புகளே காரணம்.

திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகச் செஞ்சிக்கு அருகே உள்ள மேலச்சேரி கருதப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988லும் 1991லும் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் இந்த வழிபாட்டைச் செஞ்சியிலிருந்து விரிவாகப் பின்தொடர்கின்றன. அம்மனுக்குக் காவலாகப் போத்துராஜாவும், கூடவே முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் நிற்பதை அவர் எடுத்துக்காட்டினார். வழிபாடு மொழி எல்லையையும் மதித்ததில்லை. சித்தூர்ப் பக்கத்தில் பகலில் தெலுங்கு அரிகதை, இரவில் வீதிநாடகம் என அதே பதினெட்டு நாள் ஒழுங்கு உண்டு. பெங்களூரில் தருமராயசாமி கோயிலின் கரக விழா, திகளர் சமூகத்தார் சித்திரைப் பௌர்ணமியில் திரௌபதிக்கு எடுப்பது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் கிடக்கும் பர்கூர் வட்டாரத்தைக் கலை வரலாற்றின் ஓரப்பகுதியாகப் பார்க்கும் பழக்கம் சரியன்று; மூன்று மொழிகளில் நடக்கும் ஒரே திருவிழாவின் நடுப்பகுதி அது.

திருவிழாவின் செலவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரியால் நடந்தது. கொடியேறிக் காப்புக் கட்டியபின் ஊரே கதைக்குள் வந்துவிடும். பகாசுரன் வதை நாளில் பீம வேடக்காரர் மாட்டுவண்டியில் தெருத்தெருவாகப் போய்ச் சோறு வாங்குவார். அர்ச்சுனன் தபசு நாளில் நட்டுவைத்த உயர்ந்த மரத்தில் அர்ச்சுன வேடக்காரர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கடைசி நாள் காலை படுகளம். மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் உருவம் திடலில் மல்லாந்து கிடக்க, இரண்டு வேடக்காரர்கள் அதைச் சுற்றிச் சண்டையிடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்த பானையின் செந்நீர் பெருகும். திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. பார்வையாளர் எனத் தனியாக ஒருவரும் மிஞ்சாத கதைசொல்லல் இது.

இரவுக் கூத்தில் பகடை துகில், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் ஆகியவை விடிய விடிய நடந்தன. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் வேடக்காரருக்கு. மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் பின்பாட்டுக்கு. வடஆர்க்காட்டின் வடக்கத்திப் பாணிக்கும் சேலம் பக்கத்து மேற்கத்திப் பாணிக்கும் இடையே அமைந்த இந்த வட்டாரத்துக்கு இரு திசைகளிலிருந்தும் குழுக்கள் தாம்பூலம் வாங்கி வந்தன.

தொழில்முறைக் குழுக்களை அழைப்பதோடு ஊர்கள் நின்றுவிடவில்லை. வாத்தியார் ஒருவரை அழைத்துத் தங்கவைத்து, உழவு வேலை முடிந்த இரவுகளில் இளைஞர்களுக்குக் கூத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்யும் வழக்கமும் இருந்தது. யாருக்கு எந்த வேடம் என்பது குரலையும் உடல்வாகையும் பார்த்து முடிவாகும். சில சமயம் குடும்ப உரிமையும் குறுக்கே வரும். சென்னை அச்சகங்கள் மலிவு விலையில் போட்ட நாடகப் புத்தகமோ வாத்தியாரின் கையெழுத்து நோட்டோ பாடமாக அமையும். பல மாதப் பயிற்சிக்குப்பின் சலங்கைக்குப் பூசை போட்டு அரங்கேற்றம் நடக்கும். வாத்தியாருக்குப் பணம், வேட்டி, நெல். பெண்கள் இதில் சேர்க்கப்படவில்லை; திரௌபதி வேடமும் ஆணுக்கே. பல ஊர்களில் தலித் குடியிருப்புகள் தங்களுக்கென்று தனிக் கூத்துக்களரி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊர்க்கலை என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் தாண்டிப்போகும் பகுதி இது.

எழுபதுகளுக்குப் பிறகு இந்த ஏற்பாடு தளர்ந்தது. டூரிங் டாக்கீஸும் பின்னர் தொலைக்காட்சியும் ஒரு காரணம். ஆனால் இந்த வட்டாரத்துக்கே உரிய காரணம் வேலைமுறை. எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. பர்கூர் துணிச்சந்தையால் வளர்ந்தது. கருங்கல் குவாரிகள் பெருகின. மூன்று ஷிப்டில் வேலை பார்ப்பவரால் மாதக்கணக்கில் இரவுப் பயிற்சிக்கு வரமுடியாது. திருவிழாக்கள் தொடர்ந்தன, இன்றும் தொடர்கின்றன. ஆனால் ஊர்ப்பிள்ளைகள் வேடம் கட்டும் கூத்து குறைந்து, வெளியூர்க் குழுவுக்குப் பணம் கொடுத்துப் பார்க்கும் கூத்து மிகுந்தது.

அதே காலத்தில் நகரம் கூத்தைத் தேடி வந்தது. ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு, தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் பாடம் கேட்டது. 1990இல் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிரைனும் காஞ்சிபுரத்தை மையமாக வைத்து, தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்றழைக்கும் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். அவர்களின் குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்பித்தது. சேலம் மாவட்டத்தில் மேற்கத்திப் பாணிக்கு மு. ஹரிகிருஷ்ணனின் களரி அமைப்பும் மணல்வீடு இதழும் ஊன்றுகோலாயின.

பர்கூர் வட்டாரத்தை நேரடியாகத் தொட்ட மாற்றம் வேறொரு வழியில் வந்தது. 1987இல் நாடெங்கும் நடந்த பாரத மக்கள் அறிவியல் பயணமும், தொண்ணூறுகளின் அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் ஒரு முறையைப் பழக்கப்படுத்தியிருந்தன. உள்ளூர் இளைஞர்களைத் திரட்டிச் சில நாள் தங்கவைத்துப் பாட்டும் வீதிநாடகமும் பயிற்றுவித்து, ஊர் ஊராக அனுப்புவதே கலைப்பயணம். புதுக்கோட்டையில் அறிவொளி நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அவர் பின்னர் தருமபுரியில் நடந்த பெண்சிசுக்கொலைத் தடுப்பு முயற்சிக்கும் அதே முறையைக் கொண்டுவந்தார். டென்மார்க்கின் டானிடா உதவி பெற்ற சுகாதாரத் திட்டத்தின் பகுதியாக 1997 முதல் 1999 வரை அது நடந்தது. பர்கூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. பெண் குழந்தைகள் பிறந்த சில நாளில் இறப்பது ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் அளவுக்கு மிஞ்சியிருந்த மாவட்டம் அது. குற்றம் சுமத்தினால் ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதால், வரதட்சிணையும் நிலமும் மாமியார் சொல்லும் சேர்ந்து ஒரு தாயை எங்கே நிறுத்துகின்றன என்பதைக் கதையாகப் போட வேண்டியிருந்தது. சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 2000ஆம் ஆண்டு எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை, இந்த முயற்சிக்குப்பின் அத்தகைய மரணங்கள் குறைந்தன என்று வாதிட்டது. குறைவு முழுவதும் நாடகத்தால் வந்ததா, செவிலியரின் தொடர்ந்த கண்காணிப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்தே நடந்தன.

பழைய வாத்தியார் பயிற்சியும் கலைப்பயணப் பயிற்சியும் வெளித்தோற்றத்தில் நெருக்கமானவை: உள்ளூர் ஆட்கள், தங்கிக் கற்றல், திறந்த திடல், மேடை இல்லாத ஆட்டம். வேறுபாடு கதையைக் கேட்டுப் பெற்றவர் யார் என்பதில் இருக்கிறது. பாரதத்தை ஊர் விரும்பிக் கேட்டது, வரி போட்டுக் கூலி கொடுத்தது. கலைப்பயணக் கதையை அரசும் இயக்கமும் தேர்ந்து ஊருக்குக் கொண்டுவந்தன. அதனால்தான் திட்டம் முடிந்ததும் குழுக்கள் கலைந்தன. ஆனால் பெண்கள் நடு ஊரில் நின்று பாடுவதையும், எல்லாத் தெருவாரும் ஒரே குழுவில் ஆடுவதையும் இயல்பாக்கியதில் அறிவொளிக்காலக் கலைப்பயணங்கள் பழைய கூத்து செய்யாததைச் செய்தன.

இப்போது பயிற்சிப் பட்டறை பெரும்பாலும் பள்ளிக்குள் நடக்கிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னை அறிமுகம் செய்யக் கலைக்குழுக்களையே ஊர்களுக்கு அனுப்பியது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் தெருக்கூத்தும் கதை சொல்லலும் போட்டிப் பிரிவுகளாக வந்தன. போட்டிக்குச் சில நிமிடங்களே கிடைப்பதால், விடியும்வரை நீளும் கர்ண மோட்சத்திலிருந்து கர்ணனும் பொன்னுருவியும் பேசும் ஒரு தர்க்கத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியிருக்கிறது.