தோட்ட வரலாறும் மாணவர் ஆய்வேடும்: திகாம் பத்து வட்டாரத்தை முன்வைத்து

மலேசியாவில் தமிழியல் ஆய்வேடு என்னும் வடிவம் வேரூன்றியதில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குப் பெரும்பங்கு உண்டு. இத்துறையில் 1961 முதல் பணியாற்றிய தனிநாயக அடிகளார், 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நிகழ முன்னின்றார். அவ்வாண்டிலேயே அவர் தொகுத்த தமிழியல் நூல்வழிகாட்டியும் வெளிவந்தது. சான்றைப் பிறர் தேடிக் கண்டடையுமாறு குறித்தல் ஆய்வின் முதற்கடன் என்பதற்கு அந்நூலே எடுத்துக்காட்டு. அக்கடன் தோட்ட வரலாற்றை எழுதும் மாணவர்களிடம் எவ்வாறு தளர்கின்றது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சுங்கை பட்டாணிக்கு அண்மையிலுள்ள திகாம் பத்து, பீடோங் முதலிய ஊர்களைச் சார்ந்த தோட்டங்களைப் பற்றிய மாணவர் ஏடுகள் பெரும்பாலும் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பிலேயே (1025) தொடங்குகின்றன. அடுத்த பத்தியில் இரப்பர் மரங்கள் வந்துவிடுகின்றன. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு அடிக்குறிப்பே இல்லை. பூசாங் பள்ளத்தாக்கின் தொல்லியற் சான்றுகள் வணிக, சமயத் தொடர்பைக் காட்டுவன. தோட்டத் தமிழரின் வருகையோ வேறு காரணங்களால் நிகழ்ந்தது. கெடா 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் ஆதிக்கத்துக்கு மாறியமை, 1910இல் ஒப்பந்தக் கூலிச் சேர்ப்பு நிறுத்தப்பட்டமை, கங்காணி முறையின் வளர்ச்சி, 1938இல் இந்திய அரசு விதித்த தடை ஆகியவையே ஈண்டு ஆராயத்தக்கன. இரண்டையும் ஒரே தொடராக்குவது பெருமிதம் தரலாம்; நிறுவப்பட்ட முடிவாகாது.

சான்றுக் குறிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு 1947ஆம் ஆண்டு நிகழ்வுகளைச் சுட்டலாம். பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி தலைமையிலான தொண்டர் படை கள்ளுக்கடை எதிர்ப்பில் ஈடுபட்டது. அது வேலைநிறுத்தமாகவும் காவல் துறையினருடனான மோதலாகவும் வளர்ந்தது. மைக்கேல் ஸ்டென்சன் 1970இல் வெளியிட்ட மலாயாத் தொழிற்பூசல் பற்றிய நூல் இவற்றை ஆராய்கிறது. எனினும், ஆவணங்களுள் மிகுதியானவை அதிகாரிகளும் தோட்ட நிருவாகமும் எழுதியவை. லயன் வீடுகளில் இருந்தோர் கண்டதும் கேட்டதும் வாய்மொழியாகவே எஞ்சின. அன்று பத்து வயதினராய் இருந்தவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர்.

இந்நிலையில், "தோட்டத்து முதியவர் ஒருவர் கூறினார்" என்னும் அடிக்குறிப்பு கிடைத்தற்கரிய சான்றை வீணாக்கிவிடுகிறது. கூறியவர் அப்போது எத்தனை வயதினர், பால்வெட்டுத் தொழிலாளியா, கங்காணியா, கிராணியா, நிகழ்விடத்தில் இருந்தவரா, பிறர் சொல்லக் கேட்டவரா, பேட்டி எங்கு, எந்நாளில் நடந்தது என்பன குறிக்கப்பட வேண்டும். பெயரை வெளியிட அவர் இசையாவிடின் குறியீடு இடலாம். ஏனைய விவரங்களை விடலாகாது.

பெயர்களும் கவனத்துக்குரியன. தமிழரின் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது, குடும்பப் பெயரன்று. மேலைநாட்டு முறையைப் பின்பற்றித் தந்தை பெயரை முன்னே வைத்தால், துணைநூற் பட்டியலில் மகனின் நூல் தந்தையின் நூலாகிவிடும். இயற்பெயரை முன்வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னே இடுவதே தக்கது. அவ்வாறே தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் மக்கள் வழக்கில் வேறொரு பெயரும் இருக்கக்கூடும். இரண்டையும் முதற்குறிப்பிலேயே இணைத்துத் தருதல் வேண்டும். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்துள்ளார். துண்டாடப்பட்ட தோட்டத்தின் பழம்பெயர் மறைந்தபின், அவ்விணைப்பே பின்வருவோர்க்கு வழிகாட்டும்.

ஆய்வேட்டின் அமைப்பு விதிகளை மதிப்பெண்ணுக்கான சடங்காகவே நாம் பலகாலம் கற்பித்து வந்துள்ளோம். அக்குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டம் அழிந்து, சொன்னவரும் மறைந்தபின், அவர் சொல்லை மற்றோர் ஆய்வாளர் சரிபார்க்க எஞ்சுவது மாணவர் எழுதிய அடிக்குறிப்பு மட்டுமே. அப்பொறுப்பை முதலாண்டு மாணவர்க்கே உணர்த்துதல் நம் கடமையாகும்.